இரண்டு வீட்டாரும் வலம் போனார்கள்

"சரி, கோயில் வேண்டாம். அரண்மனையிலை பார்ப்பம்" என்று பெண்ணின் தாய் நாகேஸ்வரி லண்டனுக்குச் சொல்லித் தொலைபேசியை வைத்தது போன வாரம். அதற்குப் பிறகு பாரிசில் மார்க்ஸ் டோர்மோயில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒருவரும் ஒழுங்காகத் தேத்தண்ணி குடிக்கவில்லை.

இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பெண் பார்ப்பது பெரும்பாலும் கோயிலில் வைத்துத்தான். மாப்பிள்ளை வீட்டார் கும்பிட வந்ததுபோல வருவார்கள். பெண் வீட்டாரும் கும்பிட வந்ததுபோல வருவார்கள். "அட, நீங்களும் வந்தனீங்களோ?" என்று ஆச்சரியப்பட்டுக்கொள்வார்கள். பிடித்தால் பேச்சைத் தொடங்கலாம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டோம், வீட்டுக்கு வந்தோம். யாருக்கும் மானம் போகாது.

பாரிசிலும் ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் இருக்கிறார்தான். ஆனால் அந்தக் கோயில் சின்னது. ஒருவர் தும்மினால் எல்லாருக்கும் கேட்கும்.

"அங்கை வைச்சுப் பார்த்தால் திங்கட்கிழமைக்குள்ளை சுவிசுக்கும் தெரிஞ்சிடும்" என்று நாகேஸ்வரியின் கணவர் இராஜதுரை ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். வட்டாரத்துப் புதினமெல்லாம் அவருடைய கடைக் கருவாட்டுப் பெட்டிக்கு மேலால்தான் போய்வரும். அவருக்குத் தெரியாதா?

அப்போது வழி சொன்னவர் மேல்மாடி மதாம் ஜெர்மேன். புதுச்சேரிக்காரர். நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபிறகு சும்மா இருக்க முடியாமல், லண்டன் தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றிவந்து இரண்டு நாளில் பாரிசைக் காட்டி அனுப்புகிறவர். சனிக்கிழமை காலையில் லூவ்ர் அரண்மனை, பிற்பகலில் ரக்பி ஆட்டம், ஞாயிறு காலையில் வெர்சாய் அரண்மனை. "அரண்மன பொம்பளைங்களுக்கு, ஆட்டம் ஆம்பளைங்களுக்கு. பஸ்ஸுல புருஷன் பொண்டாட்டி சண்டை கெடையாது" என்பது அவருடைய தொழில் ரகசியம்.

அந்த மார்ச் மாதத்துச் சனிக்கிழமை பிரான்சும் இங்கிலாந்தும் மோதுகின்றன. ஜெர்மேனின் பஸ்ஸில் லண்டன் மகேந்திரராசா வருகிறார். கண்டியில் படித்த காலத்தில் ரக்பி ஆடி மூக்கை உடைத்துக்கொண்டவர், அந்த மூக்கை இன்றைக்கும் பதக்கம்போல உயர்த்தி வைத்திருக்கிறவர். கூடவே மனைவி இந்திராதேவி. அவர்களுக்கு நடுவே மகன் வாமதேவன். லண்டனில் கட்டட வரைபடம் வரைகிற வேலை.

இவ்வளவும் பெரியவர்களின் ஏற்பாடு. இனிக் கல்யாணப் பெண்ணைக் கொஞ்சம் பார்ப்போம், அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதால்.

கோசலை பாரிசுக்குப் பக்கத்தில் சென் தெனியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நல்ல பெண், வாய் மட்டும் கொஞ்சம் காரம். அவள் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை ஜெர்மேனிடம் மட்டும் மாடிப்படியில் வைத்துச் சொல்லியிருந்தாள்.

"நான் லண்டனுக்குப் போகமாட்டன், மதாம். அவர் இஞ்சை வருவாரோ எண்டு கேக்கவேணும்."

"அத அந்தப் பையன்கிட்டயே நேராக் கேட்டுடு கண்ணு. பெரியவங்க கைக்குப் போச்சுன்னா எல்லாம் கொழம்பு ஆயிடும்."

"தனிய எங்கை விடப்போகினம்?"

"நா இருக்கேன் இல்ல? அஞ்சு நிமிஷம் ஒனக்கு வாங்கித் தரேன்."

ஞாயிறு மத்தியானம் பஸ் லண்டனுக்குத் திரும்பிவிடும். அதற்கு முன்னால் முடிவு தெரியவேண்டும் என்று மகேந்திரராசா ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆகவே கோசலை அவனிடம் கேட்பதற்கு அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. கேட்காமல் விட்டால் பெரியவர்கள் நாள் குறித்துவிடுவார்கள், அவள் பெட்டி கட்டவேண்டியதுதான்.

*

சனிக்கிழமை காலையில் சண்டை கோட்டில் தொடங்கியது.

நாகேஸ்வரி மகளுக்கு ஒறேஞ் நிறப் பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தாள். கோசலை அதைக் கட்டினாள். மேலே கறுப்புக் கோட்டையும் போட்டாள்.

"கோட்டைக் கழட்டு. சீலை தெரியேல்லை."

"அம்மா, வெளியிலை குளிருது."

"அப்ப முன்பக்கத்தைத் திறந்து விடு."

"முன்பக்கம் திறந்தால் அது கோட்டில்லை."

இராஜதுரை கண்ணாடிக்கு முன்னால் கழுத்துப்பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அங்கை போய் ஒரு இடத்திலையும் நிக்கக்கூடாது. பெம்பிளை வீடு காத்துக்கொண்டு நிண்டதெண்டு ஒரு கதை வந்தால் பிறகு சாகும்வரைக்கும் கேக்கவேணும். நடந்துகொண்டே இருக்கவேணும். எதேச்சையா எதிர்ப்படவேணும்."

"நடந்தால் எங்கை எதிர்ப்படுறது?" என்றாள் கோசலை.

"எல்லாம் பேசியாச்சு. நடு முற்றத்தைச் சுத்தி நாங்களும் வருவம், அவையளும் வருவினம். உனக்கேன் உந்தக் கவலை?"

கவலைப்பட வேண்டியவர் அவர்தான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

*

லூவ்ர் அரண்மனையின் நடு முற்றம் அந்த ஆண்டு முற்றமாகவே இல்லை. புதிதாக ஏதோ கட்டுவதற்காக முழுவதையும் கிணறுபோலத் தோண்டிவிட்டு, சுற்றிவர ஆள் உயரத்துக்கு மேலே பலகை அடைத்திருந்தார்கள். பலகைக்கும் அரண்மனைச் சுவருக்கும் இடையில் ஆட்கள் நடந்துபோகலாம். ஒரு பக்கத்தில் நிற்பவருக்கு மறுபக்கம் தெரியாது.

அரண்மனைக்குள்ளே உலகமே வந்து பார்க்கிற ஓவியங்கள் இருந்தன. நம்முடைய ஆட்கள் பலகையைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

முன்னால் இராஜதுரை. ஒரு கை பின்னால், தலை நிமிர்வு. அவருக்குப் பின்னால் நாகேஸ்வரி, கையில் வடை சுற்றிய காகிதச் சரையோடு. கடைசியில் கோசலை, கோட்டின் முன்பக்கம் திறந்தபடி.

"அங்கையும் இஞ்சையும் பாராமல் நட" என்று தாய் கிசுகிசுத்தாள்.

"பாராவிட்டால் அவையளை எப்பிடிக் காணுறது?"

"அவையள் எங்களைக் காணுவினம்."

ஒரு சுற்று முடிந்தது. யாரையும் காணவில்லை. இரண்டாவது சுற்றிலும் காணவில்லை. ஒரு ஜப்பானியத் தம்பதியர் நாகேஸ்வரியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நின்றது தன் குற்றமில்லை என்று அவள் கணவனைப் பார்த்துக் கண்ணால் சொன்னாள்.

பலகையின் ஒரு மூலையில் மதாம் ஜெர்மேன் சிவப்புக் குடையோடு நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் வந்தவர்களையெல்லாம் உள்ளே அனுப்பிவிட்டு, நடக்கப்போவதைப் பார்க்க ஆசைப்பட்டு வெளியிலேயே நின்றவர். பாவம், அவரிடம் இரண்டு வீட்டாரும் தனித்தனியே சத்தியம் வாங்கியிருந்தார்கள்: "உங்களுக்கு ஒண்டும் தெரியாது. நாங்கள் கடந்து போனாலும் எங்களைத் தெரியாதமாதிரி நிண்டுகொள்ளவேணும்."

ஆகையால் இராஜதுரை குடும்பம் கடந்து போகும்போது அவர் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மகேந்திரராசா குடும்பம் அதே திசையில் கடந்து போகும்போதும் வானத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் இராஜதுரை. மறுபடியும் மகேந்திரராசா. வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. பொறுக்கமாட்டாமல், இராஜதுரை அடுத்த தடவை வந்தபோது குடையால் எதிர்த்திசையைக் காட்டிக் காட்டி ஆட்டினார்.

"மழை வரப்போகுதெண்டு சொல்லுறா" என்று இராஜதுரை தன் குடையை விரித்தார்.

கோசலைக்குத்தான் முதலில் பொறி தட்டியது.

"அப்பா, அவையளும் சுத்தித்தானே வருவினம்?"

"ஓம். அப்பதானே எதிர்ப்படலாம்."

"எந்தப் பக்கமாச் சுத்துவினம்?"

"இதென்ன கேள்வி? வலமாத்தான். இடமாச் சுத்த அவையள் என்ன செத்தவீட்டுக்கோ வந்தவை?"

"அப்ப நாங்கள்?"

"நாங்களும் வலமாத்தா…"

இராஜதுரை தான் சொன்னதைத் தானே கேட்டார்.

கோயிலென்றால் இந்தத் தொல்லை கிடையாது. எல்லாரும் வலமாகத்தான் சுற்றுவார்கள், ஆனால் மணி அடித்ததும் மூலஸ்தானத்துக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடுவார்கள். லூவ்ரில் மணி அடிக்க யார் இருக்கிறார்கள்?

"சரி, நாங்கள் திரும்பி மற்றப்பக்கத்தாலை போவம்" என்றாள் கோசலை.

நாகேஸ்வரி வடைச் சரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டு வந்து இடமாச் சுத்துறதோ? அந்தக் கதையை வாயிலையும் எடுக்காதை."

"அப்ப இதிலை கொஞ்சம் நிப்பம். அவையள் வந்து சேருவினம்."

"நிக்கேலாது" என்றார் இராஜதுரை.

"அப்ப என்னதான் செய்யிறது?"

"கெதியா நட. பிடிச்சிடலாம்."

வேகமாக நடந்தார்கள். மறுபக்கத்திலும் இதே கேள்வியை வாமதேவன் கேட்டு, இதே பதிலை இந்திராதேவி சொல்லியிருந்தாள். அவர்களும் நம்மவர்கள்தானே. அவர்களும் வேகமாக நடந்தார்கள்.

காவலாளி ஒருவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இரண்டு கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தியர்கள் ஏதோ பந்தயம் ஓடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இராஜதுரைக்கு மூச்சு வாங்கியது, கழுத்துப்பட்டி தோளுக்குப் போய்விட்டது. நாகேஸ்வரியின் புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்தது. மழையும் உண்மையாகவே வந்தது.

கோசலைக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மதாம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஐந்து நிமிடம் பலகைக்கு அந்தப் பக்கமாக நடந்து போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய வாழ்க்கை யார் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் மாட்டிக்கொண்டு நின்றது.

கடைசியில் ஜெர்மேன் ஓடிவந்தார். சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டார்.

"போயிட்டாங்க, மெசியே. பஸ்ஸு ஸ்தாதுக்கு, ஆட்டம் நடக்குற எடத்துக்குப் போயிடுச்சு."

"ஆர் போயிட்டினம்? எனக்கு ஒருத்தரையும் தெரியாதே" என்றார் இராஜதுரை, மூச்சிரைப்பு நடுவிலும் மானத்தை விடாமல்.

"நடிப்பு போதும். காலையிலேர்ந்து ரெண்டு குடும்பமும் செக்குமாடாட்டம் சுத்துறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது. லண்டன்லேர்ந்து வர்றப்ப கப்பல்ல வாந்தி எடுத்து மூணு பேரு ஓட்டல்ல படுத்திருக்காங்க. அவங்க டிக்கெட்டு எங்கிட்ட இருக்கு." கைப்பையிலிருந்து மூன்று டிக்கெட்டுகளை எடுத்து நீட்டினார். "ரக்பி பாக்க வாங்க. அங்க உக்காந்தே ஆவணும். யாரும் சுத்த முடியாது."

*

பார்க் தே பிரின்ஸ் அரங்கின் வாசலில் பித்தளை வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருந்தன. பிரான்சின் நீலச் சட்டைக்காரர்கள் பாடினார்கள், இங்கிலாந்தின் வெள்ளைச் சட்டைக்காரர்கள் அதைவிட உரக்கப் பாடினார்கள். யாரோ ஒருவன் பிரான்சின் சின்னமென்று கக்கத்தில் உயிரோடு ஒரு சேவல் வைத்திருந்தான். நாகேஸ்வரி அதை விலை விசாரிக்கிற கண்ணால் பார்த்துவிட்டுப் போனாள்.

வரிசையில் மகேந்திரராசா குடும்பம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. மகேந்திரராசாவின் கோட்டில் இங்கிலாந்து அணியின் சிவப்பு ரோசாப்பூச் சின்னம்.

இராஜதுரை தொண்டையைச் செருமினார். "அட, நீங்களும் ஆட்டம் பார்க்க வந்தனீங்களோ?"

"ஓமோம்" என்றார் மகேந்திரராசா. "நீங்கள் வழமையா வாறனீங்களோ?"

"ஒண்டும் விடுறேல்லை" என்றார் இராஜதுரை. ரக்பிப் பந்து உருண்டையில்லை என்பதே அவருக்கு வாசலில் வைத்துத்தான் தெரியும்.

உட்காரும் ஒழுங்கை ஜெர்மேன் கையில் எடுத்துக்கொண்டார். அந்தக் கடைசியில் இரண்டு தகப்பன்மார். அவர்களுக்கு அடுத்து இரண்டு தாய்மார். அப்புறம் ஜெர்மேன் தாமே, தம்முடைய மயிர்க்கோட்டோடு ஒரு மதில்போல. மதிலுக்கு இந்தப் பக்கம் கோசலையும் வாமதேவனும்.

தாய்மார் முதலில் சிநேகமானார்கள். காரணம் கால்.

"காலமை முழுக்க நடந்தனாங்கள், அக்கா" என்றாள் நாகேஸ்வரி.

"நாங்களும்தான். சப்பாத்தைக் கழட்டுங்கோ. இஞ்சை ஆர் எங்கடை காலைப் பார்க்கப்போகினம்?"

இருவரும் கழற்றினார்கள். வடைச் சரை திறந்தது. பருத்தித்துறை வடை, மெல்லிசாக, கடித்தால் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் மைதானத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தகப்பன்மார் பக்கம் வேறு கதை.

"எந்தப் பக்கத்துக்கு நீங்கள்?" என்று மகேந்திரராசா கேட்டார்.

இராஜதுரைக்குப் பக்கம் ஏதும் இருக்கவில்லை. ஆனால் ரோசாப்பூவைப் பார்த்ததும் வந்துவிட்டது. "நாங்கள் இருக்கிற நாடு பிரான்ஸ்தானே."

"அப்ப பின்னேரம் அழுவியள்" என்றார் மகேந்திரராசா.

ஆட்டம் தொடங்கியது. இந்தப் பக்கத்து எட்டுப் பேரும் அந்தப் பக்கத்து எட்டுப் பேரும் தோளைக் கோத்து, தலையைக் கொடுத்து, ஒருவரையொருவர் தள்ளினார்கள். பந்து எங்கே என்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது. பிறகு ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான், பின்னால் வந்தவனுக்கு எறிந்தான்.

"ஏனண்ணை பின்னுக்கு எறியிறான்? கோல் முன்னுக்கெல்லோ இருக்கு?"

"ஒண்டும் விடுறேல்லை எண்டனீங்கள்?"

"அது, மறந்துபோச்சு."

"பின்னுக்குத்தான் எறியலாம். ஆள் முன்னுக்குப் போகவேணும், பந்து பின்னுக்குப் போகவேணும். அதுதான் ஆட்டம்."

இராஜதுரை கொஞ்சம் யோசித்தார். "எங்கடை ஆக்கள் கலியாணம் பேசுறமாதிரி."

மகேந்திரராசா சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நீலச்சட்டை ஒருவன் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்தான். அரங்கமே எழுந்தது. இராஜதுரையும் எழுந்தார், எழுந்ததோடு நிற்காமல் கையைத் தட்டி விசிலும் அடித்தார்.

"உங்கடை ஆக்கள் நித்திரையோ அண்ணை?"

"நடுவருக்குக் கண் தெரியாது."

"நடுவரோ வந்து விழுத்தினவர்?"

"உமக்கு ஆட்டம் தெரியாது, இரும்" என்றார் மகேந்திரராசா. நீங்கள் என்பது நீர் ஆகிவிட்டது. மதிலுக்கு இந்தப் பக்கத்தில் கோசலை அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

*

"காலமை ஒறேஞ் சீலை நீங்கள்தானே?" என்று வாமதேவன் கேட்டான். கண்ணாடி போட்டவன். மெல்லிய குரல்.

"கண்டனீங்களோ?"

"மூலையிலை திரும்பேக்கை ஒரு நுனி தெரியும். அங்கை போனால் இல்லை. நாங்கள் கெதியா நடக்க, நீங்கள் அதைவிடக் கெதியாப் போனீங்கள்."

"நீங்கள் துரத்தினால் நாங்கள் என்ன செய்யிறது?"

அவன் சிரித்தான். "ரக்பி அப்பாவுக்கு. நான் படம் பார்க்கத்தான் வந்தனான். பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கையே லூவ்ருக்கு வரவேணுமெண்டு ஆசை. வந்தன். பலகை பார்த்தன்."

கோசலைக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம். பிடிக்காதவனிடம் நிபந்தனை போடுவது சுலபம், "இல்லை" என்று சொன்னாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இவன் இல்லை என்று சொன்னால் அழுகை வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் கேட்டாள். ஜெர்மேன் வாங்கித் தந்த ஐந்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்டு கேக்கவேணும். நான் லண்டனுக்கு வரமாட்டன். நீங்கள் இஞ்சை வருவீங்களோ?"

வாமதேவன் மைதானத்தைப் பார்த்தான். அங்கே ஒருவன் காதைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

"ஏன் வரமாட்டீங்கள்?"

"அப்பாவுக்கு மூண்டு பிரெஞ்சுச் சொல்லுத்தான் தெரியும். அதிலை ரெண்டு கூடாத சொல். அரசாங்கக் கந்தோரிலையிருந்து வாற கடுதாசியெல்லாம் நான்தான் வாசிச்சுச் சொல்லவேணும். அம்மா மெத்ரோவிலை தனியப் போனால் கடைசி ஸ்டேசன்வரைக்கும் போயிருந்து அழுவா. அவையளை விட்டிட்டு நான் எங்கை வாறது?" மூச்சு விட்டாள். "ஊரிலை கலியாணம் முடிச்சால் மாப்பிள்ளைதானே பெம்பிளை வீட்டிலை வந்து இருக்கிறது. கப்பலேறினவுடனை அது ஏன் மாறவேணும்?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மழைத்துளியைத் துடைத்தான். மெதுவாகத்தான் துடைத்தான். கோசலைக்கு அதைப் பிடுங்கித் தானே துடைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

"எங்கடை அப்பாவும் அம்மாவின்ரை வீட்டைதான் போயிருந்தவர்" என்றான். "கனகாலம். அம்மப்பாவோடை ஒவ்வொருநாளும் சண்டை. ஆனால் சந்தோசமா இருந்தவர்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "எங்கடை கொம்பனிக்கு இஞ்சையும் ஒரு கந்தோர் இருக்கு. போகவிருப்பமோ எண்டு போனவருசமும் கேட்டவை. ஒருத்தரும் இல்லாத ஊரிலை போயிருந்து என்ன செய்யிறதெண்டு மாட்டன் எண்டனான்."

"இப்ப?"

"இப்ப வாறன்."

அவ்வளவுதான். பெரிய வசனம் ஒன்றும் பேசவில்லை. கோசலைக்குக் காதுவரை சூடானது. காலையிலிருந்து இருந்த குளிர் எங்கே போனதென்று தெரியவில்லை.

"உங்கடை அம்மா விடுவாவோ?"

"அம்மாவுக்கு நான் சொல்லுறன். இண்டைக்கே சொல்லுறன்."

ஜெர்மேன் மைதானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு கையால் மட்டும் கோசலையின் முழங்காலை அமுக்கினார். மதிலுக்கும் காது உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

*

ஆட்டம் முடிந்தது. பிரான்சுக்குப் பெரிய வெற்றி. தொப்பிகள் பறந்தன, சேவலும் பறந்தது. வாத்தியக்காரர்கள் மறுபடியும் ஊத ஆரம்பித்தார்கள்.

வரிசையின் அந்தக் கடைசியில் மகேந்திரராசா எழும்பவில்லை. கையைக் கையோடு கோத்துக்கொண்டு குனிந்திருந்தார். பதக்க மூக்கும் குனிந்திருந்தது. இராஜதுரை விசிலை நடுவில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். வென்றவனுக்கு வருகிற இரக்கம் ஒன்று இருக்கிறதே, அது பொல்லாதது. அதில் விழுந்தவன் எதையும் தூக்கிக் கொடுப்பான். இராஜதுரை தன் பங்கு வடையைக் கொடுத்தார். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த கோப்பியைக் கொடுத்தார். பிறகு மகேந்திரராசா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். இராஜதுரை தலையாட்டினார். இன்னொன்று கேட்டார். அதற்கும் தலையாட்டினார். கைகொடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது இரண்டு பேரும் தோளில் கைபோட்டபடி வந்தார்கள்.

"பிள்ளை, எல்லாம் சரி" என்றார் இராஜதுரை. முகம் முழுக்கப் பல். "சொல் குடுத்திட்டன்."

கோசலைக்குத் திக்கென்றது. இராஜதுரை சொல் கொடுத்தால் கொடுத்ததுதான். ஒருமுறை யாருக்கோ ஆட்டுத்தலை தருவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டு, அதற்காக ரயிலேறி ரூவான் நகரம் வரைக்கும் போய்வந்த மனிதர்.

"என்னைக் கேக்காமலோ?"

"உன்ரை கதை இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் கதைச்ச கதையைத்தான் பின்னுக்கு இருந்த வெள்ளைக்காரர் எல்லாரும் பார்த்தவையெல்லோ. அது சரிவந்தமாதிரித்தான். இது என்ரை கதை." அவர் மகேந்திரராசாவின் முதுகில் தட்டினார். "அண்ணையின்ரை தெருவிலை ஒரு கடை இருக்காம். மேலை வீடும் இருக்காம். எங்களை லண்டனுக்கு வரச் சொல்லுறார். நீயும் அங்கை, நாங்களும் அங்கை. இஞ்சத்தைக் கடையை மதாமின்ரை தம்பி மார்செல் எத்தினை நாளாக் கேக்கிறார். அவருக்கு விட்டிடுவம்."

"அப்பா, யோசிக்காமல் ஏன்…"

"அந்த மனுசனைப் பார், பிள்ளை. இப்பிடித் தோத்துப்போய் இருந்துகொண்டு ஒண்டு கேக்கேக்கை எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

நாகேஸ்வரி சப்பாத்தைக் கையில் பிடித்தபடி தலையாட்டினாள். "அக்கா வீட்டுக்குக் கிட்டக் கோயிலும் இருக்காம். மெத்ரோ ஏறத் தேவையில்லை."

கோசலை வாமதேவனைப் பார்த்தாள். வாமதேவன் கோசலையைப் பார்த்தான். ஜெர்மேன் இருவரையும் பார்த்துவிட்டு, "மோன் தியே, கடவுளே" என்று முனகிக்கொண்டு மறுபடியும் வானத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

"என்ன தம்பி, முகம் ஒருமாதிரி இருக்கு?" என்றாள் இந்திராதேவி.

அவன் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். சொன்னான்.

"அம்மா, நான் பாரிசுக்கு வாறன். கோசலை லண்டனுக்கு வரேல்லை. நான்தான் இஞ்சை வாறன்."

வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தது. இந்திராதேவி கையிலிருந்த அரை வடையைக் கடிக்க மறந்தாள். அவள் மகனைப் பார்த்த பார்வையைப் பற்றி இப்போது சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நாகேஸ்வரிதான் முதலில் பேசினாள். "அப்ப லண்டனிலை நாங்கள் ஆரோடை இருக்கிறது?"

தோற்றுப்போன மகேந்திரராசா அன்று முதல்தடவையாகச் சிரித்தார். "வேறை ஆரோடை? எங்களோடைதான்."

இராஜதுரை சிரிக்கவில்லை. தோளில் போட்ட கையை எடுக்கவுமில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. கொடுத்த சொல் கொடுத்ததுதான் என்று அவருக்கே தெரியும். மகளைப் பார்த்தார். இவ்வளவு நேரம் விசிலடித்த மனிதரின் குரல் சின்னதாகிவிட்டது.

"அங்கை இங்கிலீசிலை வாற கடுதாசியளை ஆர் எனக்கு வாசிச்சுச் சொல்லுறது, பிள்ளை?"

அவருடைய கடுதாசிகளை வாசிக்கத்தான் பாரிசை விடமாட்டேன் என்றிருந்த கோசலைக்கு அழுகை வந்துவிட்டது.